உபகாரசாமியின் சொந்த முடி

உபகாரசாமியின் முப்பதாம் நாள் பூசைக்கு வந்த சனம் சாப்பிட்டுப் பெரும்பாலும் கலைந்த பிறகும் சகாயராஜ் கிளம்பவில்லை. பங்குக் கோவிலில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகத்தை இருபது வருடமாக நடத்துகிறவர். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, இறந்தவரின் மகள் மெர்லினிடம் நீட்டினார்.

"கலெக்டருக்கு மனு, கண்ணு. அறுபத்திரண்டு பேரு கையெழுத்துப் போட்டாச்சு. ஊட்டு ஆளுக ரெண்டு பேரும் போட்டாத் தீந்துச்சு."

எந்த நோயும் இல்லாத உபகாரசாமி (52), தலைமுடி நடும் அறுவை சிகிச்சையால் உயிரிழந்தார் என்று அதில் இருந்தது. ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறு. மருத்துவமனைகளில் ஈ.சி.ஜி. எந்திரங்களைப் பழுது பார்ப்பது மெர்லினின் வேலை. தவறான அளவுக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டதில்லை.

"அப்பாவுக்கு நோய் இல்லைன்னு யாரு சொன்னது, மாமா?"

"யாரு சொல்லோணும்? போன தவக்காலத்துல கோவிலச் சுத்திச் சிலுவை தூக்குனானே, எம் மாப்ள!"

தூக்கத்தான் தூக்கினார். லாரிகளுக்கு டிங்கரிங் செய்கிற உபகாரசாமி வருடம் முழுக்கக் கரியும் கிரீஸும்தான். பெரிய வெள்ளியன்று மட்டும் இயேசு. இருபத்தாறு வயதில் ஏற்ற வேடம். தோள்வரை சொந்த முடி. பட்டறையில் அதைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெல்டிங் வைப்பார். "வாடகை முடிய வெச்சுக்கிட்டு ஆண்டவரா நிக்க முடியாது" என்பார். நாற்பத்தைந்தில் உச்சி தெரிந்தது. ஐம்பது தாண்டியதும் பின்பக்கம் மட்டுமே மிச்சம். கடைசிப் பாஸ்காவில் சகாயராஜ் கட்டாயப்படுத்தி விக் வைத்துவிட்டார். சிலுவையோடு மூன்றாம் முறை விழும் காட்சியில் அது முள்முடியோடு கழன்று, படைவீரனாக வந்த டோனியின் ஈட்டியில் தொங்கியது. கூட்டம் சிரித்தது. சிலுவையில் ஏற்றிய பிறகும் சிரிப்பு ஓயவில்லை.

மே மாதம் நெஞ்சுவலி. கோயம்புத்தூரில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாளும் விடக்கூடாது என்று மருத்துவர் மூன்று முறை சொன்னார். உபகாரசாமியின் கவலை வேறு. இயேசுவுக்குச் சிலுவை சுமக்க உதவும் சீமோனாக நடித்தவர் ஒருமுறை மயங்கி விழுந்ததிலிருந்து, நெஞ்சுக்கோளாறு உள்ளவன் சிலுவையைத் தொடக்கூடாது என்பது சகாயராஜ் போட்ட சட்டம். அதனால் பங்கில் வேளாங்கண்ணி போயிருந்ததாகச் சொல்லச் சொன்னார். அம்மா அந்தோணிமேரியும் மெர்லினும் அப்படியே சொன்னார்கள். கடைத்தெருவில் வாங்கிய எண்ணெயை மாதா கோவில் எண்ணெய் என்று அம்மா நாலு வீட்டுக்குக் கொடுக்கவும் செய்தாள்.

அக்டோபரில் ஒருநாள் நாமக்கல் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், தலையில் கட்டோடு வந்தார். முடி நட்டிருந்தார். மெர்லினுக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

"நட்ட முடி மூணு வாரத்துல கொட்டிரும்ப்பா. திரும்ப முளைக்க நாலு மாசம். அப்புறம் மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர். தோளுக்கு வர ரெண்டரை வருசம் ஆகும். வர்ற பாஸ்காவுக்கு என்ன பண்ணுவ?"

"ரெண்டரை வருசம்தான? இருக்க மாட்டனா?"

"மாத்திரை சாப்பிடறியா, இல்லையா?"

"சாப்பிடறேன் சாமி."

நாலாம் நாள் காலை பல் துலக்கப் போனவர் குழாயடியில் விழுந்தார். அடக்கம் முடிந்து மெர்லின் மாத்திரை அட்டைகளை எண்ணினாள். இரண்டிலும் சாப்பிட்டிருக்க வேண்டிய பதினான்கு நாள் மாத்திரை மிச்சம் இருந்தது.

முடி நட்ட கிளினிக்கில் அவருடைய கேள்வித்தாளை நிரப்பியவள் அங்கே வேலை பார்க்கும் லிடியா, பங்கின் பாடகர் குழுவில் பாடுகிற பெண். இதயநோய்: இல்லை. தினசரி மாத்திரை: இல்லை. "அங்கிள்தான் இல்லைன்னு சொன்னாருக்கா" என்று அழுதாள். உண்டு என்று சொன்னால் ஞாயிறு பூசைக்குள் சகாயராஜ் காதுக்குப் போய்விடும் என்று அவர் பயந்திருப்பார். சரி, அவர் மறைத்தார். இவர்கள் ஒரு ஈ.சி.ஜி. எடுத்தார்களா? இல்லை. மருத்துவர் அவரை முதலில் பார்த்ததே மரத்துப்போகும் ஊசி போடும்போதுதான். தேதி குறித்தபோது கொடுத்தனுப்பிய தாளில், ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளைப் பத்து நாள் முன்பே நிறுத்தவும் என்று அச்சடித்திருந்தது. உங்கள் இதய மருத்துவரைக் கேட்டுவிட்டு என்று ஒரு வரி இல்லை. கேட்டிருந்தால் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லியிருப்பார்.

தலையில் சீழ் இல்லை. நட்டது நட்டபடி இருந்தது. ஐந்து மாத ஸ்டென்டில் ரத்தம் உறைந்திருக்கும் என்றார் கோயம்புத்தூர் மருத்துவர்.

மெர்லின் இவ்வளவையும் சொல்லிவிட்டு, மனுவின் முதல் வாக்கியத்தை அடித்து, நடந்ததை ஓரத்தில் எழுதினாள். சகாயராஜ் பதறினார்.

"இப்படி எழுதுனா அந்தக் கிளினிக்காரன் தப்பிச்சுக்குவான். மாப்ள பேரும் கெட்டுரும். ஆண்டவரா நின்னவன் பொய் சொன்னான்னு பேசுவாங்க."

"பொய்தான் சொன்னாரு. நாங்களும்தான் சொன்னோம். நோயே இல்லைன்னு எழுதுங்க, மொத விசாரணையிலயே ஸ்டென்ட் வெச்ச சீட்டை எடுத்து நீட்டுவாங்க. அப்பத்தான் தப்பிப்பாங்க."

அந்தோணிமேரி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "எங்க போடோணும், காட்டு" என்றாள். மகள் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

சகாயராஜ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஏங்கண்ணு, பல்லுப் புடுங்கறதுக்கும் அப்படி நிறுத்தக் கூடாதா?"

"எதை?"

"அதான்... ரெண்டு மாத்திரை. மூணு நாளா நிறுத்தி வெச்சிருக்கேன். நாளைக்குப் பல் டாக்டர்."

"உங்களுக்கு எதுக்கு அந்த மாத்திரை?"

"பிப்ரவரில ஏற்காட்டுக்குத் தியானத்துக்குப் போனேன்னு சொன்னனே..."

"ஸ்டென்டா? சட்டம் போட்டதே நீங்கதான மாமா!"

"சட்டம் சிலுவை தூக்கறவனுக்குத்தான கண்ணு. நான் மைக்குதான புடிக்கறேன்."

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

"பக்கத்து ஊட்டுக்காரர்தான் சொன்னாரு."

மெர்லின் கையை நீட்டினாள். அவர் கைப்பேசியை வாங்கி, இதய மருத்துவரின் எண்ணைத் தேடிப் போட்டு, அவர் காதில் வைத்தாள். மறுமுனையில் நர்சம்மா விவரம் கேட்டாள். சகாயராஜ் வாசலில் நிற்பவர்களைப் பார்த்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"அவங்களுக்குக் கேக்காது" என்றாள் மெர்லின். "சத்தமாச் சொல்லுங்க."

"சகாயராஜுங்க. வயசு அறுபத்தொண்ணு. ஆமாங்க, ஸ்டென்ட்டுதாங்க. பிப்ரவரில வெச்சதுங்க."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த டோனி திரும்பிப் பார்த்தான்.