நாங்களே எழுதிக்கொண்ட பதினொரு பாராட்டு

2006 வாக்கில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், விவசாய பம்ப் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆபீஸில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், புதிதாகப் போட்ட வெப்சைட்டும் என் தலையில் விழுந்தது. அதில் 'வாடிக்கையாளர் கருத்து' பக்கம் காலியாகக் கிடந்தது. முதலாளி பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஈ ஓட்டிக்கினு கீது? நாலு பேரு சொன்ன மாரி நீயே எழுதிப் போட்டுடு" என்றார். நானும் ஒரே மத்தியானத்தில் பதினொரு பேர் பெயரில் ஆங்கிலத்தில் எழுதித் தள்ளினேன். அதில் பெருமை வேறு எனக்கு!

அப்போது நெல்லூர்ப் பக்கத்துப் பெரிய டீலர் ஒருவரின் ஆர்டரை நம்பியிருந்தோம். அது வந்தால்தான் இரண்டாவது ஷிப்ட் ஓடும். வராவிட்டால், என்னோடு தினமும் ரயிலில் வரும் அசெம்பிளிப் பெண்கள் எட்டுப் பேருக்கு வேலை போய்விடும்.

சென்னையில் வளர்ந்த அந்த டீலர் போன் செய்தார். "ஏம்மா, உங்க கஸ்டமருங்க அல்லாரும் ஒரே நாள்ல எழுதிக்கிறாங்க. அதுவும் 'ரெஸ்பெக்டட் சார், ஐ பெக் டு இன்ஃபார்ம் யூ'ன்னு! இன்னா, லீவு கேக்கறாங்களா?"

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த லீவு லெட்டரைத் தவிர எனக்கு வேறு ஆங்கிலக் கடிதம் ஏது? மானமே போனது. "நான்தான் சார் எழுதினேன்" என்று உளறிவிட்டேன். ஆர்டரை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பதினொன்றையும் அழித்தேன். 'இங்கே இருந்த பாராட்டுகளை நாங்களே எழுதினோம், மன்னிக்கவும்' என்று போட்டேன். பிறகு நிஜமாகவே பம்ப் வாங்கியவர்களைக் கூப்பிட ஆரம்பித்தேன். பொதட்டூர்பேட்டை விவசாயி ஒருவர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"பம்பு ஜோராத்தான் ஓடுது. ஆனா சீலு மூணே மாசத்துல ஒழுவுது. போன் பண்ணா ஒருத்தனும் எடுக்கல. ஒரே பேஜாரும்மா!"

அவரிடமே அனுமதி கேட்டு, ஊர் பெயர், போன் நம்பரோடு அதை அப்படியே போட்டேன். மறுநாளே எங்கள் மெக்கானிக் போய், தண்ணீர் கசியாமல் தடுக்கும் அந்த 'சீல்' வளையத்தை மாற்றினார். மற்ற பம்புகளுக்கும் நல்ல சீல் போட ஆரம்பித்தோம். அதையும் கீழே எழுதினேன்.

"நம்ம மானத்த நீயே கப்பலேத்திக்கினு கீறியேம்மா!" என்று குதித்தார் முதலாளி.

"ஆர்டர் வரலன்னா நான் வேலைய விட்டுப் போயிடறேன் சார்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்!

நான்காம் நாள் டீலர் நேரிலேயே வந்து இறங்கினார். எங்கள் வெப்சைட்டை மறுபடி பார்த்து, பொதட்டூர்பேட்டைக்காரரிடம் போனில் விசாரித்துவிட்டுத்தான் வந்தாராம். "கொறைய வெளிய சொல்ற ஆளுங்க, நாளைக்கு என் கடைல பம்பு ரிப்பேரானா போன எடுப்பாங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். நான் அசெம்பிளிக்கு ஓடிப்போய்க் கத்தினேன். ஒருத்தி விசிலே அடித்தாள். அன்றைக்கு எல்லோருக்கும் முதலாளி செலவில் பிரியாணி.

இப்போது இந்த வேலைக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று பெயர். காசு கொடுத்தால் ஐந்து நட்சத்திர விமர்சனம் எத்தனை வேண்டுமானாலும் போட்டுத் தருவதாக வாரம் ஒருவராவது மெயில் அனுப்புகிறார். பார்த்ததும் அழித்துவிடுவேன். எட்டுப் பெண்களின் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது ஒரு விவசாயியின் திட்டு என்பதை நான் எப்படி மறப்பேன்!