சொன்னதும் உட்கார்ந்துவிடுபவர்

ராஜபாளையத்து மில் ஒன்றில் வாட்ச்மேனாக இருக்கும் பாண்டிதுரைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு வேலை உண்டு. இளம் டாக்டர்களின் சட்டையைப் பிடித்து உலுக்குவது. பட்டாளத்திலிருந்து வந்த உடம்பு, கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அதற்காகத்தான் டாக்டர் ஷெரின் அவரைத் தேடிப் பிடித்தார்.

ஷெரின் செய்துகொண்டிருந்தது ஓர் ஆராய்ச்சி. ஊர்ப்பக்கம் பொது மருத்துவம் பார்க்க வருகிற டாக்டர்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு சாவை எப்படிச் சொல்வது என்று மட்டும் சொல்லிக்கொடுப்பதில்லை. சொந்தக்காரர்களின் அடிக்குப் பயந்து, செத்த உடம்புக்கு டிரிப்ஸ் மாட்டி மதுரைக்கு அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. என்ன அநியாயம்! பயிற்சி கொடுத்தால் இது மாறுமா என்று பார்க்கத்தான் தன் கிளினிக் மாடியில் ஞாயிறுதோறும் ஒரு நாடகம் நடத்தினார்.

நாடகத்தில் பாண்டிதுரை செத்தவரின் அண்ணன். "ஏலே, என் தம்பிய என்னல பண்ணுன?" என்று மேசையைக் குத்துவார். டாக்டர் ஓடி ஒளியாமல், "எறந்துட்டாரு" என்று மழுப்பாமல் சொல்லி, பக்கத்தில் வந்து தோளைத் தொட வேண்டும். தொட்டதும் பாண்டிதுரை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுவார். ஷெரின் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார்.

போன பங்குனியில் கிருஷ்ணன்கோவிலில் ரோடு பிரிகிற விலக்கில் பாண்டிதுரையின் சொந்தத் தம்பி தங்கப்பாண்டியனின் பைக்கை லாரி அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே டூட்டியில் இருந்தவன் ஜெபக்குமார், மாடியில் பயிற்சி எடுத்தவன்.

அவன் ஒளியவில்லை. நேரே வந்தான்.

"அண்ணாச்சி, உங்க தம்பி எறந்துட்டாரு."

அதே சொல், அதே தணிந்த குரல். தோளில் கை வைத்தான். பாண்டிதுரைக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது.

"எங்கிட்டயே நடிக்கியாலே?"

முதல் அடி வாயில் விழுந்தது. ரத்தம் சட்டையில் வழிய வழிய ஜெபக்குமார் நகராமல் நின்றான். அவன் கண் பக்கத்து நாற்காலிக்குப் போனது. இவர் உட்காருவார் என்று காத்திருந்தான், பாவி. இரண்டாவது அடியில் தாடை முறிந்தது. டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடுங்கிக் கண்ணாடிக் கதவை நொறுக்கினார். கூட வந்தவர்கள் கீழே கிடந்தவனை விலாவில் மிதித்தார்கள். போலீஸ் வந்துதான் பிரித்தது.

ஜாமீனில் வந்தவரை ஷெரின் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்.

"உக்காந்துருவேன்னு அவன நாந்தான் பழக்குனேன், டாக்டரம்மா. அதான் அந்தப் பய நம்பி நின்னான்."

"உக்காரச் சொன்னது நாந்தான், அண்ணே. திரும்ப வாங்க. இந்தத் தடவ மனசுல உள்ளதச் செய்யுங்க."

அந்த ஞாயிறு கார்த்திகா என்ற புது டாக்டரின் முறை. வாசலோரம், தாடையில் கம்பி கட்டிய ஜெபக்குமார் உட்கார்ந்திருந்தான். கார்த்திகா அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, தோளைத் தொட எட்டினாள். எல்லோரும் பாண்டிதுரை உட்காரக் காத்திருந்தார்கள்.

அவர் நாற்காலியை எட்டி உதைத்தார். அது சுவரில் மோதிக் கால் முறிந்தது. கார்த்திகா அலறிக்கொண்டு கதவுக்கு ஓடினாள்.

"அப்படித்தாம்மா! சொல்லிட்டுக் கதவுப் பக்கம் போயிரணும். தம்பிய எழவு குடுத்தவன் கிட்ட ஒருத்தரும் வரக்கூடாது!"

சொல்லி முடித்ததும் தரையில் சரிந்து, தங்கப்பாண்டியன் பெயரைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஒருவரும் கிட்ட வரவில்லை.