ஏலக்காய்க் கழித்தல்

பள்ளிக்கூடக் கணக்குச் செயல்திட்டத்துக்காகப் பேத்தி கூடத்தில் ஏலக்காயைப் பரப்பியிருக்கிறாள். அந்த வாசனை என்னை எழுபதுகளின் போடிக்கு, இரண்டாம் வகுப்புக்கு இழுத்துப் போனது.

ஊரில் விளைவதை வைத்தே கணக்குச் சொல்லித்தர ஆசைப்பட்ட டீச்சர், ஆளுக்கொரு கை ஏலக்காய் கேட்டிருந்தார்.

"பாயசத்துக்கே ரெண்டுதான் போடுறேன். எண்ணி முடிச்சு வெரசா திருப்பிக் கொண்டா" என்று சலித்துக்கொண்டே கொடுத்தாள் அம்மா.

எல்லாவற்றையும் கொட்டி மொத்தமாக எண்ணினோம்; பிறகு பெரிசு, நடுத்தரம், பொடி என்று பிரித்து எண்ணினோம். கூட்டிப் பார்த்தால் முதல் எண்ணிக்கையைவிடக் குறைந்தது. டீச்சர் மறுபடி எண்ணச் சொன்னார். இன்னும் குறைந்தது. அப்போது பக்கத்துப் பெண் கொட்டாவி விட்டாள், வகுப்பே மணத்தது.

டீச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "தின்னது போக மிச்சத்தையாச்சும் சொல்லித் தொலைங்க, ஆத்தா."

கழித்தல் எனக்கு அன்றுதான் புரிந்தது. அம்மாவிடம் என்ன சொல்வதென்றுதான் புரியவில்லை.