ஆறரை மணி நேரத்தில் பாரீஸ்

டிராவல்ஸ் கடையில் கொடுத்த டிக்கெட் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. சென்னையில் காலை பத்து மணிக்குக் கிளம்பி, பாரீசில் மாலை நாலரைக்கு இறங்கும் என்று போட்டிருக்கிறது. இதே மாதிரி ஒரு தாளை வைத்துக்கொண்டுதான் இருபது வருடங்களுக்கு முன்பு என் அக்காவின் வாழ்க்கையில் ஒரு வருடத்தைக் கெடுத்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பலருக்கும் போல, அக்காவைக் கட்டிய மாமாவுக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்தது. கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம், அக்காவை சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு முதலில் தனியாகப் போனார். அவள் அங்கே போய்ச் சேர விசா வேண்டும்; அதற்குக் குறித்த நாளில் பிரெஞ்சு கான்சுலேட்டில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போன மாப்பிள்ளைகள் சிலர் திரும்பிப் பார்க்காத கதை எங்கள் தெருவிலேயே உண்டு. அதனால் அவர் விட்டுப்போன டிக்கெட் நகலை எடுத்துக் கணக்குப் போட்டேன். எட்டாயிரம் கிலோமீட்டர், பத்து மணி நேரம் ஆகும் என்று எல்லாரும் சொன்னார்கள். தாளிலோ ஆறரை மணி நேரம்தான் வந்தது. போய் இறங்கிய அன்று, இங்கே விளக்கு வைத்த பிறகு போன் செய்து, "இங்க இன்னும் வெயில் அடிக்குது" என்றார். எனக்குச் சந்தேகம் உறுதியானது. வெளியாள் யாரையும் கேட்கக் கூச்சம். அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"அவரு பாரீசுக்கே போவலக்கா. நடுவுல எங்கியோ எறங்கிட்டாரு."

"நல்லா தெரியுமாடா?"

"தாள்லயே இருக்குக்கா."

அவள் கையெழுத்துப் போடப் போகவில்லை. மாமாவின் போனையும் எடுக்கவில்லை.

சில வாரம் கழித்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா வீட்டுக்கு ஃபேன் ரிப்பேர் செய்யப் போனேன். சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று மூன்றரை மணி நேரம் பின்தங்கி இருந்தது. நின்றுபோனது என்று நினைத்துக் கழற்றக் கை நீட்டினேன்.

"அத தொடாதப்பா! அது பாரீசு மணி. எம்பொண்ணு அங்கதான் இருக்கா," என்று சிரித்தார்.

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறரையும் மூன்றரையும் பத்து.

அன்றே அக்காவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய் வெகுநேரம் அழுதாள். மறுபடி தேதி வாங்கி, தாள்கள் எல்லாம் சரியாகி, அவள் போய்ச் சேர ஒரு வருடம் ஆனது. மாமா அதைப் பற்றி ஒரு கடிந்த சொல் சொன்னதில்லை. ஆனால் எப்போது போன் செய்தாலும் முதலில், "மச்சான், அங்க மணி என்னா? கணக்கு சரியா வருதா?" என்று கேட்டுச் சிரிப்பார். மன்னிப்பு வாய் வரை வரும். கூச்சம் தடுத்துவிடும்.

போன மாதம் மாமா தவறிவிட்டார். அக்கா அங்கே தனியாக இருக்கிறாள் என்றுதான் போகிறேன். கடையில் தாளை வாங்கியதும் விரல் விட்டு எண்ணினேன். சரியாகத்தான் வந்தது. அப்படியும் மனம் கேட்காமல், "பத்து மணி நேரந்தானம்மா?" என்று டிக்கெட் போட்டுக் கொடுத்த பெண்ணிடம் கேட்டேன். ஆமாம் என்றாள். அவள் சிரிக்கவில்லை.