வரைந்த நாய்க்கு ஒரு டாக்டர் கடிதம்

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து இருபது. ஆழ்வார்பேட்டையில் ஒரு தனியார் கால்நடை மருத்துவரின் கிளினிக். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிய ஒரு வெள்ளைப் பூனை. அதற்கு அடுத்து இரண்டு நாய்கள், ஒரு கிளிக்கூண்டு. விலங்கு இல்லாமல் வரிசையில் உட்கார்ந்தவள் நான் மட்டும்தான். என் மடியில் லேப்டாப் இருந்தது.

"பெட் பேரு இன்னா மேடம்?" என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள்.

"பெட் இல்லம்மா. கார்ட்டூன் படம். அதுல ஒரு நாய் வருது. டாக்டர் பாத்துட்டு ஒரு லெட்டர் தரணும்."

"நாய் எங்க?"

"இதுக்குள்ள."

லேப்டாப்பை ஒரு நொடி பார்த்தாள். "வயசு போடாம டோக்கன் வராது மேடம்."

"நாலு போட்டுக்க" என்றேன். படம் எடுக்க அத்தனை வருடம் ஆகியிருந்தது.

அனிமேஷன் படத் தயாரிப்பில் எனக்கு அது பதினாறாவது வருடம். முதல் பன்னிரண்டு வருடம் அடையாற்றில் ஒரு மாடியில் உட்கார்ந்து வெளிநாட்டுத் தொடர்களுக்கு வேலை செய்து கொடுத்தோம். எங்கள் பெயர் எதிலும் வராது. பிறகுதான் சொந்தப் படம். மயிலாப்பூர்க் கல்யாணங்களில் என் சித்தி தவறாமல் கேட்பார்: "இன்னும் அந்தப் பொம்மைப் படம்தான் போட்டுண்டிருக்கியா?" விளக்கிச் சலித்துப்போய், 'ஆமாம்' என்று சொல்லிப் பந்திக்குப் போய்விடுவேன்.

ஒருவழியாக மே இரண்டாவது வாரம், பள்ளி விடுமுறைக்குள், தியேட்டர்கள் கிடைத்தன. குழந்தைகள் படத்துக்கு விடுமுறையை விட்டால் வேறு காலமில்லை. ஆனால் விலங்கு வரும் படம் என்றால், சென்சாருக்கு முன் விலங்குகள் நல வாரியத்துக்குத் தனியாகக் காகிதம் கொடுக்க வேண்டும். வரைந்த விலங்காக இருந்தாலும், எந்தக் கட்டத்திலும் உயிருள்ள விலங்கைப் பயன்படுத்தவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தி.நகரில் எங்களுக்காக இந்த வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட், "ஒரு டாக்டர் லெட்டரும் வச்சுட்டா எவனும் கேள்வி கேக்க மாட்டான்" என்றார். பென்சில் கோட்டுக்கு மருத்துவச் சான்று. பல்லைக் கடித்துக்கொண்டு போயிருந்தேன்.

மருத்துவருக்கு ஐம்பது வயதிருக்கும். கையெழுத்து மட்டும் போதும் என்றேன். பார்க்காமல் எழுத மாட்டேன் என்றார். நாய் வரும் காட்சிகளை மட்டும் பதினொரு நிமிடமாக வெட்டி வைத்திருந்தேன். பரிசோதனை மேசையில் லேப்டாப்பை வைத்து, நின்றபடியே பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். பின்னால் போனார். மறுபடியும் பார்த்தார். வெளியே நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"வலது பின்னங்கால். பாருங்க, சரியா ஊன்றல."

"டாக்டர், அது வரைஞ்சது."

"தெரியுது. எதைப் பாத்து வரைஞ்சாங்க?"

"கற்பனைதான்."

"கற்பனைல நொண்டுற நாய்னா காலைத் தூக்கிட்டே போகும். இது வைக்குது, வச்ச உடனே எடுக்குது. பாதம் வெந்த நாய் இப்படித்தான் நடக்கும். முதல் ரெண்டு காட்சில இது இல்ல."

அவர் சொல்வது தப்பு என்று காட்டுவதற்காகவே, அந்தக் காட்சிகளை வரைந்த ஆதம்பாக்கத்துப் பையனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆமா மேடம், அது கொட்டிவாக்கம் நாய்தான். அங்க ஒரு மொட்டை மாடில ஓட விட்டு வீடியோ எடுத்தோமே, மறந்துட்டீங்களா?"

"நொண்டிச்சா?"

"கடைசில கொஞ்சம். நீங்கதான் இன்னொரு டேக், இன்னொரு டேக்னு சொல்லிகினே இருந்தீங்க. ஆனா நடை செமயா இருந்துச்சு மேடம், அப்பிடியே வச்சுக்கினேன்."

மறக்கவில்லை. எங்கள் வேலையில் ஓடுவது, குதிப்பது எல்லாவற்றையும் முதலில் வீடியோ எடுத்து, அதைப் பார்த்துதான் வரைவோம். அதை 'பயன்படுத்துவது' என்று நான் நினைத்ததே இல்லை.

"எப்போ எடுத்தீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"மூணு வருஷம் முன்னாடி. மே மாசம்."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணி. அப்பத்தான் தெருவுல சத்தம் இருக்காது."

"நீங்க செருப்பு போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்."

அவர் லேப்டாப்பை மூடி என் பக்கம் தள்ளினார். நடந்ததை நடந்தபடி எழுதி எடுத்து வந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து ஏஜென்ட்டிடம் சொன்னேன். "அட இன்னா மேடம் நீங்க, நாய் வந்து சாட்சி சொல்லப் போவுதா? வேற டாக்டர் கீறாரு, பத்து நிமிசத்துல கையெழுத்து. நீங்க உண்மைய எழுதுனீங்கன்னா முன்கூட்டி பர்மிஷன் வாங்கினீங்களானு கேப்பாங்க. மே மாசம் போயிடும், சொல்லிட்டேன்."

அன்று முழுவதும் எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல். மருத்துவர் மேல், அந்தப் பையன் மேல், அந்தப் படிவத்தின் மேல். படத்தை முன்கூட்டியே பார்த்தவர்கள் எல்லோரும் அந்த நடையைத்தான் பாராட்டியிருந்தார்கள். ஒரு கல்லூரி மேடையில், 'கூர்ந்து கவனித்ததால் வந்தது' என்று நானே பேசியும் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பையனை அழைத்துக்கொண்டு கொட்டிவாக்கம் போனேன். நாய் அதே தெருவில், ஓர் இஸ்திரி வண்டியின் அடியில் படுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நகர்ந்தது. வைத்தது, எடுத்தது. படத்தில் இருப்பது போலவேதான்.

"அதுவா?" என்றார் இஸ்திரிக்காரர், பெட்டியை நிறுத்தாமல். "நல்லா ஓடிகினு இருந்த நாய்தாம்மா. எவனோ படம் புடிக்கிறேன்னு வெயில்ல மாடிக்கு இட்டுகினு போயி ஓட வுட்டுட்டானுங்க, பேமானிங்க. ஒரு மாசம் எந்திரிக்கவே இல்ல. நான்தான் சோறு வச்சேன்."

பையன் தரையைப் பார்த்தான். அந்தப் பேமானி நான்தான் என்று சொன்னேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தா படிச்சவங்க மாரி கீறீங்க" என்றார்.

திங்கட்கிழமை நாயை ஆட்டோவில் ஆழ்வார்பேட்டைக்குக் கொண்டுபோனோம். இஸ்திரிக்காரரும் கூட வந்தார். எங்கள் கைக்கு அது வரவில்லை. உள்ளங்காலில் தோல் பிளந்து ஆறிய தழும்பு, உள்ளே பழைய சீழ். மருந்தால் சீழ் ஆறும், நடை மாறாது என்றார் மருத்துவர். அவர் மேசையிலேயே நடந்ததை ஒரு பக்கம் எழுதினேன். நாள், நேரம், எத்தனை முறை ஓடவிட்டோம் என்பது வரை. பையன் வீடியோக்களை எண்ணிச் சொன்னான்: இருபத்து மூன்று. மருத்துவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளை வாரியத்துக்குக் கொடுத்த பிறகு கேள்விகள் வந்தன. பதில் எழுதினோம். மறுபடியும் கேள்விகள் வந்தன. ஏஜென்ட் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். மே மாதம் கிடைத்திருந்த தியேட்டர்கள் வேறு படத்துக்குப் போயின.

ஒருவழியாக அனுமதி வந்து, எங்கள் படம் பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான்கு தியேட்டர்களில் வெளியானது. நான் போயிருந்த தியேட்டரில் முதல் காட்சிக்குப் பதினேழு பேர் வந்திருந்தார்கள்.