வேன் குரூப்பில் பஞ்சம்மாள்

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் பஞ்சம்மாளுக்குப் பயப்படாத போர்மேன் கிடையாது. வாய் அப்படி. விடிந்ததும் முதல் வேனில் போய் இறங்குவாள். இறங்கின கையோடு ரூம் ரூமாக எட்டிப் பார்ப்பாள். கலந்த வெடிமருந்து அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் இரவில் ஈரம் ஏறி, மறுநாள் லேசாக உரசினாலே பற்றிக்கொள்ளும். ஆர்டர் குவிகிற சீசனில் கம்பெனி இதை வசதியாக மறந்துவிடும், பஞ்சம்மாள் மறக்க மாட்டாள். மிச்சம் கிடந்தால் கேட்டுக்கு வெளியே வந்து, போனை வாய்க்கு நேராகப் பிடித்து வாட்ஸ்அப் வேன் குரூப்பில் பேசி அனுப்புவாள். அவளுக்கு எழுதத் தெரியாது. பின்னால் வருகிற வேன்களில் இருக்கும் பெண்கள் அதைக் கேட்டுவிட்டு, மருந்தை அப்புறப்படுத்தும்வரை அந்த ரூமுக்குள் கால் வைக்க மாட்டார்கள்.

வசவு இல்லாமல் அவளுக்குப் பேச வராது. போன தீபாவளி சீசனில் ஒரு நாள், "கண்ணு அவிஞ்சா போச்சு அந்த ஐஸ்வர்யாவுக்கு? மருந்து அம்புட்டும் அப்படியே கெடக்கு. ஏசி ரூம்ல இருக்குறவளுக்கு என்ன தெரியும்? இங்கன வந்து ஒரு நாள் உக்காரட்டும், கருகிப் போவா. யாரும் உள்ள போயிராதீக தாயி" என்று அனுப்பினாள். ஐஸ்வர்யா முதலாளியின் மகள். படிப்பை முடித்துவிட்டு வந்து கம்பெனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேனுக்குள் பேசுவதும் வேன் குரூப்பில் பேசுவதும் ஒன்றுதான் என்று பஞ்சம்மாள் நினைத்திருந்தாள்.

யாரோ அதை வெளியே தள்ளிவிட்டார்கள். சிவகாசி முழுக்கச் சுற்றியது. எவனோ ஐஸ்வர்யாவின் படத்தை அதோடு ஒட்டினான். இன்னும் சில பேர் வாயால் சொல்ல முடியாத அசிங்கத்தையெல்லாம் எழுதினார்கள். அந்தப் பெண் அழுது அழுது காய்ச்சலில் விழுந்தது நிஜம். அவள் புகார் கொடுத்ததைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படி எழுதுகிறவனைப் பிடித்து உள்ளே போட ஒரு சட்டம் வேண்டும்தான். ஆனால் அது போய் யாரைப் பிடித்தது? எழுதியவர்கள் எல்லாம் பொய்ப் பெயர்க்காரர்கள், கிடைக்கவில்லை என்று கைவிட்டாயிற்று. பஞ்சம்மாளின் குரலை மட்டும் தேடவே வேண்டியிருக்கவில்லை.

ஸ்டேஷனில் அதை அவளுக்கே போட்டுக் காட்டினார்கள். "கருகிப் போவான்னு சொல்லியிருக்கியே, இது கொலை மிரட்டலா இல்லையா?" என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி.

"பெத்த புள்ளையக்கூட நாங்க அப்படித்தான் வைவோம், ஐயா. மருந்து கெடந்துச்சு, அதத்தான் சொன்னேன்."

"மருந்தப் பத்தி யாரும் புகார் குடுக்கல" என்றார் அவர்.

வழக்குப் பதிந்தார்கள். போன் போயிற்று, வேலையும் போயிற்று. வழக்கில் மாட்டியவளை வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. குரூப்புக்கு அட்மின் வேன் டிரைவர் மாரிக்கண்ணன். "நானும் புள்ளகுட்டிக்காரன் சித்தி, கோவிச்சுக்கிடாதீக" என்று அவளிடம் வந்து சொல்லிவிட்டு, தான் மட்டுமே அதில் எதுவும் போட முடிகிற மாதிரி மாற்றிவிட்டான். அதன் பிறகு காலை வணக்கம் என்று ஒரு ரோஜாப் படமும் வேன் வருகிற நேரமும்தான் வந்தன. ஒரு பெண்ணைக் காப்பாற்றக் கிளம்பிய சட்டம் இத்தனை பெண்களின் வாயை அடைத்துவிட்டுப் போனது. இதை யாரிடம் சொல்லி முட்டிக்கொள்வது? எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மகள் ஓவியா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, பாதியில் நிறுத்திவிட்டு அதே கம்பெனிக்குக் கிளம்பினாள். ஆள் கிடைக்காத நேரம், பிள்ளையும் அம்மாவைப் போல இல்லாமல் வாயில்லாப்பூச்சியாக இருந்தது, சேர்த்துக்கொண்டார்கள். பஞ்சம்மாள் தினமும் தெருமுனை வரை கூடவே நடந்து, "மருந்து கெடந்தா உள்ள போகாத தாயி" என்று சொல்லி அனுப்புவாள். நேற்று வந்த பிள்ளைக்கு எது புது மருந்து, எது பழசு என்று எப்படித் தெரியும்?

ஞாயிறு லீவு கழிந்த ஒரு திங்கட்கிழமை காலை கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தது. ஓவியா உள்ளே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே பஞ்சம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முதல் வேனில் அவளோடு காலமெல்லாம் ஒன்றாகப் போய்வந்த மாரித்தாய் வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நான் பாத்தேன் மதினி. சனிக்கிழம சாயந்தரம் அந்த ரூம்ல மருந்து அப்படியே கெடந்துச்சு. போர்மேன்ட்ட சொன்னேன், ஒன் சோலியப் பாருன்னுட்டாரு. ஓவியாவுக்குப் பேசி அனுப்பலாம்னு போனக்கூட எடுத்தேன். ஒங்கள ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனது ஞாபகம் வந்துச்சு. பயந்துபோயி மடியில வச்சுட்டேன் மதினி."

சுற்றி நின்றவர்கள், பஞ்சம்மாள் இப்போது வாயைத் திறப்பாள், மாரித்தாயை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று காத்திருந்தார்கள். அவள் மாரித்தாயின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"நல்லவேள, சொல்லாம இருந்த. சொல்லியிருந்தா ஒன்னையும் பிடிச்சிருப்பாக" என்றாள்.