திரும்பிப் போனவனின் முகம்

அடுத்த அறையிலிருந்து கரகரவென்று சுரண்டும் சத்தம் கேட்டது.

முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த பெட்ரோனெலாவின் கை நின்றது. ஓவியனுக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை காலம் ஆகியும் அந்தச் சத்தம் என்னவென்று தெரியாதா அவளுக்கு? காய்ந்துபோன சாயத்தைக் கத்தியால் பெயர்க்கிற சத்தம் அது. ஓடிப்போய்ப் பார்த்தாள். சுவர் அகலத்துக்கு நின்ற பெரிய ஓவியத் திரையின் நடுவில், பிரபு சுலிம்ஸ்கியின் முகம் இருந்த இடத்தில், வெறும் பழுப்புத் துணி ஓட்டைபோலத் தெரிந்தது.

"அடப்பாவி மனுஷா! உனக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா? வர்ற வியாழக்கிழமை அவரு படத்தைப் பார்க்க வர்றாரு!"

கஸ்பர் யுரேவிச் திரும்பிப் பார்க்கவில்லை. "வரட்டும்" என்றார்.

"வந்து எதைப் பார்ப்பாரு? இந்தப் பொந்தையா?"

"நேத்து நீ மெழுகுவத்தி வெச்சியே, பெட்ரூஸியா. அதோட வெளிச்சம் யாரு மூஞ்சியில விழுந்துச்சு, கவனிச்சியா?"

அவள் திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தாள்.

நேற்று கல்லறைத் திருநாள். வில்னோ நகரமே விளக்கோடு கல்லறைகளுக்குப் போயிருந்தது. இவர்களுக்குப் போக ஒரு கல்லறை இல்லை. ஒரே மகன் ஷிமோன் மூன்று வருடங்களுக்கு முன், ரஷ்யப் படை நகரத்துக்குள் புகுந்த அன்று, கோட்டை வாசலில் செத்தான். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லையென்றால் பெட்டி இல்லை. பெட்டி இல்லையென்றால் அதன் தலைமாட்டில் அடிக்கிற தகரப் படமும் இல்லை. இறந்தவனின் முகத்தைத் தகரத்தில் எழுதி, வந்தவர்களை அவனே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி வைப்பதுதான் அந்த ஊர் வழக்கம். எத்தனையோ வீட்டுப் பிணங்களுக்குப் படம் எழுதிக் கொடுத்த கஸ்பரால் தன் பிள்ளைக்கு ஒன்று எழுத முடியவில்லை. வேறு வழியில்லாமல் பெட்ரோனெலா மெழுகுவத்தியை இந்த அறையின் ஜன்னலில் ஏற்றி வைத்தாள். மகனுக்காக ஏற்றிய விளக்கு, பிரபுவின் கன்னத்தில் பளபளத்தது.

அந்தப் பிரபுவின் கதையும் ஊருக்குத் தெரிந்ததுதான். சண்டை நெருங்கியபோது, "ஆள் திரட்டிக்கிட்டு நாளைக்கே திரும்பி வர்றேன், இது என் வாக்கு" என்று கோட்டை வாசலில் நின்ற பையன்களிடம் சொல்லிவிட்டுத்தான் அவருடைய வண்டி வெளியேறியது. கதவைத் திறந்துவிட்டவர்களில் ஷிமோனும் ஒருவன். பிரபு திரும்பி வந்தது எல்லாம் முடிந்தபிறகு, மார்பில் ரஷ்யப் பதக்கத்தோடு. இப்போது அவருக்கு ஓர் ஆசை. எதிரியிடம் பிடிபட்டு, திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்து விடுதலையாகி, சாவு நிச்சயம் என்று தெரிந்தும் சொன்னபடி திரும்பிப் போனானே ரெகுலுஸ் என்ற ரோமத் தளபதி, அவனாகத் தன்னை வரையவேண்டும்! வரைந்தால் புதிதாகத் தொடங்கும் ஓவியப் பள்ளியில் ஆசிரியர் பதவி கஸ்பருக்குத்தான் என்றும் சொல்லியிருந்தார்.

பெட்ரோனெலா அந்தப் பதவியை நினைத்து எத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்! வேலையில்லாத குளிர்காலங்கள் இனி இல்லை என்று ஆசைப்பட்டவள்தான். இருந்தும் அந்தப் பொந்தைப் பார்த்தபோது அவள் கேட்டது வேறு.

"அங்க யாரை வரையப்போற?"

"நம்ம பையனை."

அவள் கசப்போடு சிரித்தாள். "உனக்கு வராது, கஸ்பர்."

உண்மைதான். அதுதான் அந்த மனிதரின் சாபம். கோவ்னோ ஊரில் வண்டிக்குச் சாயம் அடிக்கிற ஏழை வீட்டில் பிறந்தவரை, ஒரு திருச்சபை ஆயர் கைதூக்கிவிட்டு ரோமாபுரிக்கு அனுப்பினார். பத்து வருடம் பளிங்குச் சிலைகளின் காலடியில் உட்கார்ந்து வரைந்தார். நெற்றியிலிருந்து மூக்கு நூல் பிடித்தாற்போல இறங்கவேண்டும், காது தலையோடு ஒட்டியிருக்கவேண்டும் என்பது அவர் கையில் ஏறிய பாடம். ஊர் திரும்பியபின் தோல் பதனிடுகிறவனை உட்காரவைத்து வரைந்தாலும் அந்தச் சிலைகளின் அப்பல்லோ தேவன் வந்து உட்கார்ந்தான். செத்த மகனை ஏழெட்டு முறை வரைந்தார். அத்தனையும் அப்பல்லோ. "இது சுண்ணாம்பு பொம்மை, நான் பெத்த பிள்ளை இல்ல" என்று அவள் அழுதுகொண்டே கிழித்து அடுப்பில் போட்டாள்.

இந்த முறையும் அதேதான் நடந்தது. மறுநாள் மாலைக்குள் பொந்தில் ஓர் அழகன் முளைத்திருந்தான்.

"மூக்கைப் பாரு!" என்று கத்தினாள் பெட்ரோனெலா. "வில்யா ஆத்துப் பனிக்கட்டியில விழுந்து உடைச்சுக்கிட்டானே, இடது பக்கம் கோணிப்போச்சே, மறந்துட்டியா?"

"மறக்கல. கை கேக்கமாட்டேங்குது."

"கை எப்படிக் கேக்கும்? கண்ணு அவனைப் பார்த்துக்கிட்டே இருந்தா?"

மேசைமேல் இருந்த அப்பல்லோவின் சுண்ணாம்புத் தலையைத்தான் சொன்னாள். ரோமாபுரியிலிருந்து வைக்கோல் சுற்றி, குழந்தையைப்போல மடியில் வைத்துக் கொண்டுவந்தது. பெட்ரோனெலா அதை அப்படியே அணைத்துத் தூக்கினாள்.

"ஐயோ, எங்க கொண்டுபோற?"

"சமையல்கட்டுக்கு. கோஸ் ஊறப்போட்ட பீப்பாய்க்குக் கனமா ஒண்ணு வேணும்னு தேடிக்கிட்டிருந்தேன்."

கஸ்பர் பதறி எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சிரித்தார். மகன் போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்துச் சிரித்து அது அழுகையானது. அழுதுகொண்டே கத்தியை எடுத்து அந்த நேரான மூக்கைச் சுரண்டிப் போட்டார்.

அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். "காது இன்னும் வெளிய நீட்டணும். குல்லா போட்டா மடங்கும்னு திட்டுவானே, அந்தக் காது" என்றாள். "மேலுதட்டுல ஒரு கீறல் இருக்கும். ஆமா, அங்கதான்." அவள் சொல்லச் சொல்ல, அவர் கை பத்து வருடப் பாடத்தை மீறியது. வியாழன் காலையில், ரோமானிய அங்கி போர்த்தி, பிடித்து நிறுத்தும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷிமோன் நடந்துகொண்டிருந்தான். கோணல் மூக்கோடு. பெட்ரோனெலா கைகூப்பி நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. மகன் வீட்டுக்கு வந்துவிட்டதுபோல இருந்தது.

பிரபு சுலிம்ஸ்கி உச்சிவேளையில் வந்தார். படத்தின் முன் போய் விரலை நீட்டி அந்த முகத்தைக் காட்டினார்.

"யாரு இந்தக் காட்டான்?"

"என் மகன், பிரபுவே" என்றார் கஸ்பர்.

"கலகக்காரப் பயலுக்கு ரோமன் வேஷமா? ரஷ்யக் கவர்னர் காதுல விழுந்தா உன் கதி என்ன தெரியுமா?"

"தெரியும்."

பிரபு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யுரேவிச், நான் கல்லு மனசுக்காரன் இல்ல. பெத்த பாசம் புரியுது. கூட்டத்துல ஒரு ஓரமா அவனை வெச்சுக்கோ. நடுவுல என்னை வை. பதவி உனக்குத்தான்."

கஸ்பர் மனைவியைப் பார்த்தார். பதவிக்கு ஏங்கியவள் அவள்தான். அவள் சரி என்று தலையசைத்தால் தூரிகையை எடுத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு ஓரமாக என்றாலும் முகம் இருக்கும். குளிர்காலம் வாசலில் நிற்கிறது.

"ஓரத்துல நின்னவன் இல்ல அவன்" என்றாள் பெட்ரோனெலா. "வாசல் நடுவுல நின்னவன். நடுவுலதான் நிப்பான்."

கஸ்பர் நிமிர்ந்தார். "கேட்டீங்களா, பிரபுவே? இது திரும்பிப் போன மனுஷனோட படம். இதுல உங்களுக்கு எடமில்ல."

பிரபுவின் முகம் சிவந்தது. "இந்த ஊர்ல இனிமே ஒருத்தன் உனக்கு வேலை தரமாட்டான். உங்கப்பன் மாதிரி வண்டிக்குச் சாயம் அடிச்சுத்தான் பொழைப்ப!"

"அடிக்கிறேன். எங்கப்பா சாயம் பூசுன வண்டி, போனா திரும்பி வரும்."

பெட்ரோனெலா கம்பளிக் கோட்டையும் தொப்பியையும் கொண்டுவந்து பிரபுவின் கையில் திணித்தாள். வாசல் கதவைத் திறந்துபிடித்தாள். பனிக்காற்று உள்ளே அடித்தது. படியில் கால்வைத்தவர் ஏனோ நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"அந்தப் பையன்... என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"சொன்னான்" என்றாள் அவள். "நீங்க வர்றதா சொன்ன நாள் சாயங்காலம் ஒரு வாய் சூப் குடிக்க வந்தான். எல்லாரும் உங்களைத் திட்டுனாங்க. அவன் மட்டும் அவங்களோட சண்டை போட்டான். 'பிரபு வருவாரும்மா, வாக்குக் குடுத்திருக்காரு'ன்னான். சொல்லிட்டு அந்த வாசலுக்கே திரும்பிப் போனான்."

பிரபு தொப்பியைக்கூடத் தலையில் வைக்காமல் பனியில் இறங்கி வண்டியை நோக்கி நடந்தார். அவர் ஏறும்வரை பெட்ரோனெலா காத்திருக்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.